தட்டம்மை இறங்கிய பிறகு

குழந்தைகளுக்கு வரும் நோய்களில், தட்டம்மையைப் போல் ஜனங்களால் அலட்சியமாக மதிக்கப்படுவது வேறொன்றுமில்லை. வைசூரி என்ற பெயரைக் கேட்டு ஊரே நடுங்கிய காலத்திலுங்கூட, மணல்வாரி என்றால், 'பிறந்த குழந்தைக்கு ஒரு தடவை வந்துதானே தீரும்' என்று பெரியோர்கள் சமாதானம் கூறி வந்தார்கள். மூன்று நான்கு நாள் ஜுரம், சளி, கண் சிவப்பு, அதன் பின் மணலை வாரி இறைத்தாற்போல் உடம்பெங்கும் தடிப்பு, வேப்பிலைப் படுக்கை, ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர். அத்துடன் காரியம் முடிந்துவிட்டதென்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். ஊரை நடுங்க வைத்த வைசூரி உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அலட்சியமாக மதிக்கப்பட்ட மணல்வாரியோ இன்னும் குழந்தைகளைப் பலி கொண்டு வருகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் மதிப்புப்படி, 2023-ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் மாண்டவர்கள் சுமார் 1,07,500 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இந்தத் தொகை பெரிதுதான். ஆயினும் இது முழுக் கணக்கு அன்று என்பதே நாம் இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்பும் விஷயம். ஆனி மாதத்தில் தட்டம்மை கண்டு, பிழைத்து எழுந்து, விளையாடவும் தொடங்கிவிட்ட குழந்தை ஐப்பசி மாதத்தில் வயிற்றுப்போக்கால் இறந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனன மரணப் பதிவுப் புத்தகத்தில் என்ன எழுதுவார்கள்? வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதுவார்கள். தாயும் அவ்வாறே நம்புவாள். 'அம்மையிலிருந்து பிழைத்த பிள்ளையை வேறு நோய் கொண்டுபோய்விட்டதே' என்று புலம்புவாள். கொன்றது அந்த வேறு நோய்தான். ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது எது என்பதுதான் கேள்வி.

உடனே தெரியும் தீங்குகள்

முதலில், எல்லோர் கண்ணுக்கும் தெரியக்கூடிய தீங்குகளைக் கூறிவிடுவோம். தட்டம்மை வெறும் தோல் நோயன்று. அது மூச்சின் வழியே உட்புகுந்து, இரத்தத்தில் கலந்து, சரீரம் முழுவதும் பரவுகிறது. தோலின் மீது தோன்றும் தடிப்பு உள்ளே நடக்கும் போரின் வெளி அடையாளமே. பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குக் காதில் சீழ் பிடிக்கிறது. அது சில குழந்தைகளின் கேட்கும் சக்தியை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது. நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளையில் அழற்சி உண்டாகிறது. அதில் பிழைப்பவர்களிலும் சிலர் வலிப்புடனோ மந்த புத்தியுடனோ வாழ நேரிடுகிறது. போஷாக்கில்லாத ஏழைக் குழந்தைகளிடத்தில் இத்தீங்குகள் பன்மடங்காகப் பெருகுகின்றன. செல்வம் மிகுந்த நாட்டில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை உள்ள மரணம், பஞ்சமும் நெருக்கடியும் உள்ள இடங்களில் நூற்றுக்குப் பத்து என்ற அளவையும் எட்டியிருக்கிறது.

இவையெல்லாம் வைத்தியர்கள் வெகு காலமாக அறிந்தவை. இவற்றைக் கடந்து வந்த குழந்தையைத்தான் நாம் 'குணமாகிவிட்டது' என்கிறோம். அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று ஆராய வேண்டும்.

தலையாரிகளை இழந்த ஊர்

1908-ஆம் ஆண்டில், வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்ற குழந்தை வைத்திய நிபுணர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். க்ஷயரோகக் கிருமியுடன் பழகிய குழந்தையின் தோலில் ட்யூபர்குலின் என்ற மருந்தைச் செலுத்தினால், அவ்விடம் சிவந்து தடிக்கும். உடம்பு தன் பழைய பகைவனை நினைவில் வைத்திருக்கிறதென்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் அதே குழந்தைக்குத் தட்டம்மை கண்டிருக்கும்போது சோதித்தால், தோல் சும்மா இருந்துவிட்டது. உடம்பு தன் பகைவனை மறந்துவிட்டாற்போல் இருந்தது. இந்த மறதியின் அந்தரங்கம் விளங்குவதற்கு இன்னும் நூறு வருஷங்கள் தேவையாயின.

நம் பழைய கிராமங்களில் தலையாரிகள் இருந்தார்கள். எந்தத் திருடன் எந்த வழியாக வருவான், அவன் முகம் எப்படியிருக்கும் என்பது அனுபவமுள்ள தலையாரிக்கு நன்றாகத் தெரியும். மறுமுறை அவன் ஊர் எல்லையில் கால் வைக்கும்போதே பிடித்துவிடுவான். நம் சரீரத்திலும் இத்தகைய காவலாளர்கள் உண்டு. ஒரு தடவை வந்துபோன நோய்க் கிருமியின் அடையாளத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் இரத்த அணுக்களே அவர்கள். ஒரு குழந்தை பிறந்தது முதல் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று எத்தனை நோய்களைப் படுகிறதோ, அத்தனை முகங்களையும் இக்காவலாளர்கள் கற்றுக்கொள்கிறார்கள். இது ஒரு நாளில் சேரும் செல்வமன்று. வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்வது.

தட்டம்மைக் கிருமி நேராக இந்தத் தலையாரிகள் மீதே பாய்கிறது. நெதர்லாந்து தேசத்து விஞ்ஞானிகள் குரங்குகளிடம் சோதனை செய்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஞாபகசக்தியுள்ள அணுக்களுக்குள் கிருமி புகுகிறது. அவ்வணுக்கள் பெருவாரியாக அழிந்துபோகின்றன. சில வாரங்களில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை பழையபடி நிரம்பிவிடுகிறது. ஆனால் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலோர் தட்டம்மை ஒன்றையே அறிந்தவர்கள். ஊரில் தலையாரிகளின் தொகை குறையவில்லை. பழைய திருடர்களின் முகந்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

தட்டம்மையைப் பற்றிய ஞாபகமோ ஆயுள் முழுவதும் அழிவதில்லை. 1846-இல் அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள ஃபாரோ தீவுகளில் இந்நோய் பரவி, சுமார் 7,800 ஜனங்களில் 6,000 பேரைப் படுக்கையில் தள்ளியது. அங்கே அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் டாக்டர், 1781-ஆம் ஆண்டில் அதே நோயைக் கண்டு பிழைத்த முதியோர்களை 65 வருஷங்கள் கழித்தும் அது தீண்டவில்லை என்று கண்டறிந்தார். தன்னைப் பற்றிய நினைவை அழியாமல் எழுதிவிட்டு, மற்ற நோய்களைப் பற்றிய நினைவுகளை அழித்துவிட்டுச் செல்வது இந்நோயின் கபடம்.

இந்த நஷ்டம் எவ்வளவு என்பது 2019-ஆம் ஆண்டில் அளந்து பார்க்கப்பட்டது. நெதர்லாந்தில் மத நம்பிக்கை காரணமாகத் தடுப்பூசியை ஏற்காத சமூகத்தார் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடையே 2013-இல் தட்டம்மை பரவியபோது, நோய்க்கு முன்னும் பின்னும் 77 குழந்தைகளின் இரத்தம் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மைக்கேல் மீனா, ஸ்டீபன் எலெட்ஜ் முதலிய விஞ்ஞானிகள் அதைச் சோதித்து, பல்வேறு நோய்களை எதிர்ப்பதற்கென்று குழந்தைகள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 சதவீதம் முதல் 73 சதவீதம் வரை அழிந்துவிட்டதாகக் கண்டார்கள். அவர்கள் நல்ல ஆகாரமும் சிகிச்சையும் பெற்ற குழந்தைகள் என்பதை மறக்கலாகாது. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் இத்தகைய அழிவு காணப்படவில்லை. ஊசி மருந்திலும் தட்டம்மைக் கிருமிதான் இருக்கிறது. ஆனால் அது பல்லைப் பிடுங்கிய பாம்பு.

மறதி எத்தனை காலம் நீடிக்கும்? 2015-ஆம் ஆண்டில் மீனாவும் அவர் கூட்டாளிகளும் இங்கிலாந்து, வேல்ஸ், அமெரிக்கா, டென்மார்க் ஆகிய இடங்களின் பழைய மரணக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். தட்டம்மை அதிகமாகப் பரவியதைத் தொடர்ந்து இரண்டு மூன்று வருஷங்கள் வரையில், மற்றத் தொற்று நோய்களால் நேரும் குழந்தை மரணமும் அதிகரித்திருந்தது. தடுப்பூசி வருவதற்கு முன்பு, தொற்று நோய்களால் இறந்த குழந்தைகளில் பாதிப் பேருடைய மரணத்தில் தட்டம்மைக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். ஐப்பசியில் இறந்த குழந்தையின் கணக்கு எந்தப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கண்ணும் மூளையும்

தட்டம்மை கொள்ளையிடும் செல்வம் இன்னொன்றும் உண்டு. அது வைட்டமின் ஏ என்னும் ஜீவசத்து. இச்சத்து குறைந்தால் கண் வறண்டு, கருவிழியில் புண் உண்டாகி, பார்வையே போய்விடும். கீரையும் பாலும் பழமும் போதிய அளவு கிடைக்காத குழந்தையின் உடம்பில் இந்தச் சத்தின் இருப்பு முன்னமே குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் தட்டம்மை சில தினங்களில் கரைத்துவிடுகிறது. 'அம்மை கண்ணைக் கொண்டுபோயிற்று' என்று நம் கிராமங்களில் சொல்லப்பட்டு வந்ததில் ஒரு பகுதி இப்படி நேர்ந்ததே.

இதற்குப் பரிகாரம் விலை உயர்ந்ததன்று. 1932-ஆம் ஆண்டிலேயே லண்டனில் எல்லிஸன் என்ற டாக்டர், தட்டம்மை கண்ட 300 குழந்தைகளுக்கு இச்சத்துள்ள மருந்தைக் கொடுத்தும், வேறு 300 பேருக்குக் கொடுக்காமலும் சோதித்தார். கொடுக்கப்பட்டவர்களில் 11 பேரும், கொடுக்கப்படாதவர்களில் 26 பேரும் இறந்தார்கள். உலகம் இதை அரை நூற்றாண்டுக் காலம் மறந்திருந்தது. 1990-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 189 குழந்தைகளிடம் நடந்த சோதனையிலும், மருந்து பெற்றவர்களில் இருவரும் பெறாதவர்களில் பத்துப் பேரும் மாண்டனர்.

அதே 1990-இல், நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பெரிய சான்று வெளியாயிற்று. மதுரையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லாவும் கூட்டாளிகளும், திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சுமார் 15,000 குழந்தைகளைக் கொண்டு, வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். அச்சத்தைப் பெற்ற குழந்தைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைந்தது. அவர்கள் தட்டம்மை நோயாளிகள் அல்லர். சாதாரணக் கிராமக் குழந்தைகள். இச்சத்தின் குறைவு எத்தனை உயிர்களைக் குடிக்கிறதென்பதை நம் மண்ணே உலகத்துக்கு எடுத்துக் காட்டியது. இன்று, தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ கொடுக்கவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் விதி. ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் 2,00,000 யூனிட். ஆறு முதல் பதினொரு மாதம் வரை அதில் பாதி. அளவு மிஞ்சினால் தீங்கு உண்டாதலால் இதை வைத்தியரிடமே பெறவேண்டும். மேலும், இது நோயின் கொடுமையைத் தணிக்கும் துணையேயன்றி, நோய் வராமல் தடுக்கும் மருந்தன்று.

இனி, எல்லாவற்றிலும் கொடிய தீங்கைக் கூறுவோம். அபூர்வமாகச் சில குழந்தைகளின் மூளையில் தட்டம்மைக் கிருமி ஒளிந்துகொண்டு தங்கிவிடுகிறது. ஏழெட்டு வருஷங்கள் ஒரு குறியுமில்லை. பிறகு நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாடத்தில் பின்தங்குகிறான், கைகால்கள் திடீர் திடீரென்று உதறுகின்றன, பேச்சு குறைகிறது, முடிவில் நினைவிழந்து மாள்கிறான். இதற்கு நிச்சயமான சிகிச்சை இன்றளவும் கிடையாது. குழந்தை எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு அபாயம் அதிகம். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்துக் கணக்கு ஒன்றின்படி, ஒரு வயது நிரம்புமுன் தட்டம்மை கண்ட குழந்தைகளில் 609-க்கு ஒன்று இக்கதியை அடைந்தது. கைக்குழந்தையாயிருந்தபோது வந்துபோன மணல்வாரியைத் தாயே மறந்திருப்பாள், அது மறந்திருக்கவில்லை.

நம் வீட்டு வழக்கங்கள்

மாரியம்மனிடம் ஜனங்கள் கொண்டிருக்கும் பக்தியைக் குலைக்க நமக்கு விருப்பமில்லை. அம்மை கண்ட வீட்டில் சுத்தமாயிருப்பதும், வாசலில் வேப்பிலை கட்டி அயலார் வராமல் தடுப்பதும், குழந்தையை அமைதியாகப் படுக்க வைப்பதும் நல்ல வழக்கங்களே. ஆனால் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே இந்நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் உலவுகிறது. தடுப்புச் சக்தியில்லாத பத்துப் பேர் அருகிலிருந்தால் ஒன்பது பேரைப் பற்றிவிடுகிறது. ஆகையால், நாம் வாசலில் வேப்பிலை கட்டும் வேளையில் நோய் தெருவைச் சுற்றி வந்து முடித்திருக்கும்.

பத்தியம் என்ற பெயரால் குழந்தையைப் பட்டினி போடுவதும், வைத்தியரிடம் காட்டுவது தெய்வத்துக்கு அபசாரம் என்று ஒதுங்குவதும் மாறவேண்டும். சத்து முழுவதும் கொள்ளை போகும் நேரத்தில் ஆகாரத்தையும் நிறுத்தினால், திருடனுக்கு நாமே விளக்குப் பிடித்ததாகும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கஞ்சி, பருப்பு, முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் குழந்தைக்குச் செல்லுவதைக் கொடுக்கவேண்டும். மூச்சு வாங்கினாலும், கண் கலங்கி வெளுத்தாலும், குழந்தை மயங்கிக் கிடந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகும் இரண்டு வருஷ காலம் அக்குழந்தையின் சளியையும் ஜுரத்தையும் வயிற்றுப்போக்கையும் அற்பமென்று தள்ளக்கூடாது.

அச்சமும் வதந்தியும்

இத்தனை தீங்குகளையும் வருமுன் தடுக்கும் சாதனம் 1963 முதல் உலகத்தின் கையில் இருக்கிறது. அதற்கு முன்பு வருஷந்தோறும் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் மாண்டார்கள் என்பதிலிருந்து தடுப்பூசியின் பெருமையை அறியலாம். நம் தேசத்தில் 1985-இல் தொடங்கிய சர்வஜனத் தடுப்பூசித் திட்டத்திலேயே இது இடம் பெற்றது. இரண்டாவது ஊசி 2010-இல் சேர்க்கப்பட்டது. ஒன்பது மாதம் நிரம்பியதும் ஓர் ஊசி, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் மற்றோர் ஊசி, இரண்டும் இலவசம். ஒன்பதாம் மாத ஊசி நூற்றுக்கு எண்பத்தைந்து குழந்தைகளுக்கே பலிக்கிறதாதலால், எஞ்சியவர்களைக் காக்க இரண்டாவது ஊசி அவசியமாகிறது.

இருந்தும் தயங்குவோர் உண்டு. அச்சத்துக்குக் காரணமே இல்லையென்று நாம் கூறமாட்டோம். 2008-ஆம் ஆண்டில் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்த துயரத்தை மறக்க முடியாது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா தீவில் 2018-இல் நேர்ந்ததும் இத்தகையதே. ஊசி மருந்தைத் தண்ணீரில் கரைப்பதற்குப் பதிலாக வேறொரு மருந்தில் கரைத்துவிட்டதால் இரண்டு சிசுக்கள் மாண்டன. தவறு மருந்தினுடையதன்று, கலந்த கைகளினுடையது. ஆனால் ஜனங்கள் ஊசியையே வெறுத்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட சிசுக்களின் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மறு வருஷமே தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் ஜனங்களே உள்ள அந்நாட்டில் 5,700 பேருக்கு நோய் கண்டு 83 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். ஊசி போடாதவர்கள் உள்ள வீடுகளில் சிவப்புத் துணி கட்டும்படி சர்க்கார் உத்தரவிட்டு, வீடு வீடாகச் சென்று ஊசி போட்ட பின்னரே நோய் அடங்கியது. இரண்டு உயிர்களுக்காக அழுத தேசம் எண்பத்து மூன்று உயிர்களுக்காக அழ நேர்ந்தது.

வதந்தியின் கதை வேறு. 1998-இல், இந்த ஊசிக்கும் குழந்தைகளின் ஆட்டிஸம் என்னும் நிலைக்கும் சம்பந்தமுண்டு என்ற எண்ணத்தை லண்டன் பத்திரிகையொன்றில் வந்த கட்டுரை கிளப்பியது. அது நேர்மையற்றதென்று தெரிந்து 2010-இல் அப்பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும் கிளம்பிய வதந்தி திரும்பவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியபோது, கைபேசிகளின் வழியே பரவிய பொய்ச் செய்திகளால் எத்தனையோ பெற்றோர்கள் கலங்கினார்கள். 2022-இல் மும்பையின் நெருக்கடியான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டபோது, பெரும்பாலும் பலியானவை ஊசி பெறாத குழந்தைகளே.

செய்யவேண்டியது

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இரண்டு ஊசியும் போடப்பட்டால்தான் இந்நோய் ஓர் ஊரில் வேரூன்ற முடியாது. இந்தக் கணக்கில் நம் வீட்டுக் குழந்தை மட்டும் சம்பந்தப்பட்டதன்று. ஒன்பது மாதம் நிரம்பாத சிசுவுக்கு ஊசி போட முடியாது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கும் போட முடியாது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத இக்குழந்தைகளுக்கு அடுத்த வீட்டுக் குழந்தையின் ஊசியே கவசம். ஒருவர் மறுத்தால் அதன் விலையைச் சில சமயங்களில் பக்கத்து வீட்டுத் தொட்டில் கொடுக்கிறது.

அதிகாரிகளுக்கும் கடமையுண்டு. ஊசிமருந்து கெடாமல் குளிரில் வைக்கப்படவேண்டும். கரைத்த மருந்தை குறித்த நேரத்துக்குள் உபயோகிக்கவேண்டும். தவறு நேர்ந்தால் மறைக்காமல் ஜனங்களுக்கு அறிவிக்கவேண்டும். உண்மையை மறைக்கும் இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. வெயிலிலும் மழையிலும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர்களின் சொல்லை ஜனங்கள் நம்புகிறார்கள். அவர்களுக்குப் போதிய ஆட்களும் வசதியும் தருவது வீண் செலவன்று. தட்டம்மை கண்ட வீடுகளைக் குறித்து வைத்து, அக்குழந்தைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடும் வேண்டும். அப்போதுதான் இதுவரை வேறு நோய்களின் பெயரில் எழுதப்பட்டு வந்த மரணங்களின் உண்மைக் கணக்கு வெளிப்படும்.

தாய்மார்களுக்கு நாம் கூறுவது இதுவே. பிறந்தது முதல் உங்கள் குழந்தை பட்ட ஒவ்வொரு ஜுரமும், நீங்கள் கண்விழித்த ஒவ்வோர் இரவும், அதன் உடம்பில் ஒரு காவலாளனை வைத்துப் போயிருக்கிறது. அந்தக் காவலை ஒரே வாரத்தில் சூறையாட வல்லது தட்டம்மை. இரண்டு ஊசிகள் அதைக் காக்கும். முதல் ஊசி போட்டாயிற்றென்று இரண்டாவதை மறந்துவிடாதீர்கள்.